அத்தைக்குக் குணம் மாறிய கதை

வட சென்னை காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்களுக்கு ராத்திரி இரண்டு மணிதான் விடியற்காலை. என் அத்தை இருபது வருஷத்துக்கு மேல் அந்த நேரத்தில் எழுந்து, துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் இரண்டு கூடை எடுத்து, மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனையில் கூறு கட்டி விற்றவர். அவர் அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது.

அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் மெல்ல மெல்ல மங்கிப்போனார். முதலில் அலாரம் அடித்தும் எழவில்லை. அப்புறம் எழுந்தாலும் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு காலிக் கூடையைப் பார்த்தபடியே இருந்தார். பங்குனி வெயிலில் குளிர்கிறது என்று போர்வை கேட்டார். நூறு ரூபாய் நீட்டியவருக்கு மீதி எவ்வளவு என்று யோசித்து நின்றார். முகம் உப்பியது, குரல் கரகரத்தது, முடி கொட்டியது. சாவு வீட்டிலேயே நாலு பேருக்குத் தைரியம் சொல்கிறவர், டிவியில் சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெரு சும்மா இருக்குமா? சோம்பேறித்தனம் என்றார்கள். வயசாகிவிட்டது என்றார்கள். கண்ணுபட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்தார்கள், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இதில் எல்லாம் எங்கள் பகுதியில் மத வித்தியாசம் கிடையாது. யாரோ ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "கீழ்ப்பாக்கம் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்றார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இருநூறு வருஷம் தாண்டியும் அந்த ஊர்ப் பெயர் நம் வாயில் வசவாகவே இருக்கிறது.

கடைசியில் தெருக்கோடி கிளினிக் டாக்டர்தான் அத்தையை முழங்கால் மடக்கி உட்காரவைத்து, குதிகாலுக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்தது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் மாதிரி. டாக்டர் சீட்டில் மூன்றே எழுத்து எழுதினார்: டி.எஸ்.எச். ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போது அத்தை என்னிடம் கேட்டார்: "கழுத்துல ஏதோ கோளாறுன்னு சொல்றாரு. அதுக்குக் கையில ஏன்டா ரத்தம் எடுக்குறாங்க?"

நான் விலங்கியல் படித்தவன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். உண்மையைச் சொன்னால், மனசுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்பதை விளக்க அத்தையின் அந்தக் கேள்வியை விட நல்ல வாசல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கழுத்தில், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அது சுரப்பதை எங்கேயும் குழாய் வைத்துக் கொண்டுபோவதில்லை. நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்: இதயம், தசை, தோல், குடல், மூளை. இப்படி ரத்தத்தில் ஏறி ஊரெல்லாம் சுற்றிச் சேதி சொல்கிற ரசாயனத்துக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். கையில் ஓடும் ரத்தத்தை எடுத்தாலே கழுத்தில் நடப்பது தெரிவது அதனால்தான்.

தைராய்டு சொல்லும் சேதி ரொம்ப எளிமையானது: எவ்வளவு வேகமாக எரிக்க வேண்டும் என்பது. அடுப்பைக் கூட்டிக் குறைக்கிற திருகு மாதிரி. குறைந்தால் இதயம் மெதுவாகத் துடிக்கும், உடம்பு சூடு பிடிக்காது, குடல் மந்தமாகும். மூளையும் உடம்பில் ஒரு உறுப்புதானே, அதுவும் மந்தமாகும். மூளை மந்தமாவதை வெளியிலிருந்து பார்க்கிறவர் என்ன பெயர் வைப்பார்? மறதி, சோம்பல், அழுமூஞ்சித்தனம். உள்ளே அனுபவிக்கிறவருக்கோ எதிலும் பிடிப்பு இல்லாமல் போகும். திருகு அதிகமாகத் திறந்தால் நேர் எதிர். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம், தொட்டதற்கெல்லாம் எரிச்சல். அதற்கு முன்கோபம் என்று பெயர் வைத்துவிடுவோம்.

அந்த டி.எஸ்.எச். என்பது தைராய்டு ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, "வேலையைப் பார்" என்று தைராய்டை விரட்டுகிற குரல் அது. இங்கேதான் என் மாணவர்கள் குழம்புவார்கள்: தைராய்டு குறைவு என்கிறீர்கள், ரிப்போர்ட்டில் எண் ஏன் அதிகமாக இருக்கிறது? பள்ளிக்கூடம் போக எழுந்திருக்காத பையனை அம்மா எழுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் எழ எழ அம்மாவின் சத்தம் குறையும். எட்டு வீடு தள்ளி அம்மா குரல் கேட்கிறது என்றால் பையன் இன்னும் பாயை விட்டு அசையவில்லை என்று அர்த்தம். சாதாரணமாக நாலைந்துக்குள் இருக்கவேண்டிய எண், அத்தைக்கு அறுபதைத் தாண்டியிருந்தது.

மாத்திரை மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது டீ குடிக்கக் கூடாது. அத்தைக்கு வியாதியைவிட அந்த அரை மணி நேரம்தான் பெரிய தண்டனையாக இருந்தது. இந்த ஹார்மோன் உடம்பில் மெதுவாகத்தான் நிலைக்கு வரும், ஓரிரு மாதம் பிடிக்கும். மூன்றாம் மாதம் ஒரு நாள் டியூஷனில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து, "சங்கரா கூறு நூறு, நூறு" என்று பழைய குரல் கேட்டது.

பக்கத்து வீட்டம்மா, "உங்க அத்தைக்குக் குணமாயிடுச்சு" என்றார். எதிர் வீட்டம்மா, "அவங்க குணமே மாறிடுச்சு, பாத்தீங்களா" என்றார். நோய் நீங்குவதற்கும் ஒருவருடைய சுபாவத்துக்கும் தமிழில் ஒரே சொல். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். கடல் மீனில் அயோடின் உண்டு. மூன்று வேளையும் மீனோடு பிழைக்கும் அத்தைக்கு எப்படிக் குறைந்தது? அவருக்கு அயோடின் குறையவே இல்லை. கிருமியை அடிக்கவேண்டிய நோய் எதிர்ப்புப் படை, ஆள் தெரியாமல் சொந்தச் சுரப்பியையே அடித்துவிட்டது. உப்பில் அயோடின் சேர்ந்த பிறகு பார்க்கிற தைராய்டு குறைபாட்டில் பெரும்பகுதி இந்த வகைதான். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

அயோடினே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இமயமலை அடிவாரம் காட்டியது. மழையும் பனியும் மண்ணிலிருந்து அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்ட இடங்கள் அவை. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை, பயிரில் இல்லாதது உடம்பில் இல்லை. கழுத்தில் பெரிய கழலை தொங்கும். அதைவிடக் கொடுமை, கருவிலேயே அயோடின் கிடைக்காத குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி குன்றும். வி. ராமலிங்கசுவாமி தலைமையில் 1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு ஆய்வு தொடங்கியது. சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை கணிசமாகக் குறைந்தது. அந்த மலைக் கிராமத்துக் குழந்தை பாடத்தில் மந்தமாக இருந்தால் அதன் காரணத்தை மண்ணில் தேடவேண்டியிருந்தது. "மரமண்டை" என்று திட்டிய வாத்தியாருக்கு அது எப்படித் தெரியும்?

ஹார்மோன் என்றால் மாதக்கணக்கில் வேலை செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். நொடியில் வேலை செய்வதும் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டு சக்கர வண்டி ஓட்டுகிற யாருக்கும் இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரி ஒன்று இடது பக்கம் ஒடிக்கிறது. நீங்கள் பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றி, ஒரு சாண் இடைவெளியில் நின்றுவிடுகிறீர்கள். "லாரி வருகிறது, நிறுத்த வேண்டும்" என்ற நினைப்பே நின்ற பிறகுதான் வருகிறது.

கண்ணும் காதும் தரும் சேதி, யோசிக்கும் பகுதிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, மூளையின் உள்பக்கம் வாதுமைப் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதிக்குக் குறுக்கு வழியில் எட்டிவிடும். அது ஆராய்ச்சி எல்லாம் பண்ணாது. மணியை அடித்துவிடும். சிறுநீரகங்களின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் எகிறும், மூச்சு வாங்கும், கண்மணி விரியும். ஓடுவதற்கோ அடிப்பதற்கோ காலுக்கும் கைக்கும் ரத்தம் வேண்டும் என்பதால் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும், எச்சில் வற்றும். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915-ல் இதை விரிவாக எழுதினார்.

நம் ஆட்கள் இதை அதற்கு ரொம்ப முன்பே சொல்லிவிட்டார்கள், வேறு பாஷையில். வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஈரக்குலை நடுங்கியது. மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொன்றும் உடம்பைக் கூர்ந்து பார்த்தவர் சொன்னது. உணர்ச்சிக்குப் பழைய இலக்கணம் வைத்த பெயரே மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. அச்சம், வெகுளி, உவகை எல்லாம் மெய்யில் படுவதால் மெய்ப்பாடு. (கேனனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பதில்லை.)

லாரி போய்விட்டது, சரி. அட்ரினலின் போகவில்லை. ரத்தத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். அதற்குப் பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவாக ஏறி, இன்னும் நீண்ட நேரம் நிற்கும். இந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தால் என்ன ஆகும்? "யோவ், கண்ணு தெரியல?" என்று அவர்மேல் பாய்வீர்கள். உடம்பு ஏற்கெனவே சண்டைக்குத் தயாராகி நிற்கிறது, ஆள்தான் தேவை. வீட்டுக்குப் போய்க் குழந்தையை அதட்டுவதும் இதே கணக்குத்தான். குழந்தைமேல் கோபம் என்று மனசு நினைத்துக்கொள்ளும். நிஜத்தில் அது லாரியின் பாக்கி.

இப்போது அந்தத் தூக்கத்துக்கு வருவோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுவது அத்தைக்குப் பழகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பழகுமா? கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடியில், சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. அதுதான் உடம்பின் கடிகாரம். வெளிச்சம் கண்ணில் பட்டால் அது முள்ளைத் திருத்திக்கொள்ளும். எப்போது தூக்கம், எப்போது பசி, எப்போது உடல் வெப்பம் தணிய வேண்டும் எல்லாம் அதன் கையில். செல்லுக்குள் இந்தக் கடிகாரத்தை எந்த மரபணுக்கள் ஓட்டுகின்றன என்று ஈக்களில் கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊரிலும் இதில் பெரிய வேலை நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், வெயிலும் தெரியாத கடிகாரமும் இல்லாத அறையில் ஆட்களைத் தங்கவைத்து அவர்களுடைய தூக்கத்தையும் விழிப்பையும் கணக்கெடுத்தார். இப்படிப்பட்ட அறையில் விட்டால் மனிதன் தாறுமாறாகத் தூங்குவதில்லை. தன் போக்கில் ஒரு சுற்று வைத்துக்கொள்கிறான், அது 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தினமும் காலை வெயில்தான் அதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்கிறது.

மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஷிப்டு பார்க்கிறவர்கள் வாரம் ஒரு நேரம் என்று மாறும்போது இந்தக் கடிகாரம் தடுமாறுகிறது. தூக்கம் குறைந்த மூளையில் அமிக்டலா சட்டென்று பற்றிக்கொள்ளும், அதை அடக்கவேண்டிய முன்பகுதியின் பிடி தளரும். நைட் ஷிப்டு முடித்து வந்த அப்பாவிடம் மார்க் ஷீட்டை நீட்டக் கூடாது என்பது எங்கள் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்ட நரம்பியல்.

அந்த முன்பகுதி என்றேனே, நெற்றிக்குப் பின்னால் இருப்பது, அதைப் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஃபினியாஸ் கேஜ் கதை வரும். 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்டில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்த மேஸ்திரி. வயது 25. வெடிமருந்தைக் கெட்டிக்கும்போது அது வெடித்து, மூன்றரை அடி நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி கன்னத்தின் கீழே நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. ஆள் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பான மனிதர் என்று பெயர் எடுத்தவர், வாய்க்கு வந்ததைப் பேசி, நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்கிறவராக மாறிவிட்டார், இவர் பழைய கேஜே இல்லை என்று கூட்டாளிகள் சொன்னதாக அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதிவைத்தார். பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். மூளையில் ஓட்டை விழுந்தால் குணம் போச்சு, அவ்வளவுதான் என்று.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வரும் பகுதி. அதே கேஜ் பிறகு தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரை பூட்டிய வண்டி, பயணிகள், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பாதை. கட்டுப்பாடே இல்லாத ஆள் செய்யக்கூடிய வேலை இல்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ஒரே வேலை, ஒரே ஒழுங்கு என்ற வாழ்க்கை, கம்பி பறித்துக்கொண்டுபோனதில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மூளை குணத்தைச் செய்கிறது, வாழ்க்கை மூளையைச் செதுக்குகிறது, இரண்டும் சேர்ந்தேதான் நடக்கிறது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியவர் எங்கள் ஏரியாவில் படித்தவர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடம் என்பதால் வயசானவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே எம்.பி.பி.எஸ். முடித்து வெளிநாடு போன வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களிடம் ஒரு விசித்திரத்தை ஆராய்ந்தார். இல்லாத கை அவர்களுக்கு வலிக்கிறது. சிலருக்கு இல்லாத விரல்கள் இறுக்கி மூடி, இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்துகிறது. ஒருவருடைய கன்னத்தைப் பஞ்சால் தொட்டால், இல்லாத கைவிரலைத் தொடுவதாகச் சொன்னார்.

காரணம் மூளையில் இருக்கும் வரைபடம். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளைப் பரப்பில் ஒரு மனை ஒதுக்கியிருக்கிறது. கைக்கான மனைக்குப் பக்கத்து மனை முகம். கை போனதும் அந்த மனை காலியாகக் கிடந்தது, பக்கத்து மனைக்காரர் வேலியை நகர்த்திவிட்டார். ராமச்சந்திரன் செய்த வைத்தியம் ஒரு அட்டைப் பெட்டியும் ஒரு கண்ணாடியும்தான். இருக்கிற கையை உள்ளே விட்டால் கண்ணாடியில் அது இல்லாத கை மாதிரி தெரியும். இருக்கிற கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாகக் கண் மூளைக்குச் சொல்லும். சிலருக்கு வருஷக்கணக்காக இருந்த இறுக்கம் தளர்ந்தது. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. கண்ணால் பார்த்த ஒரு பிம்பம் போய் மூளையின் நடைமுறையை மாற்றுகிறது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

இவ்வளவையும் சொன்ன பிறகுதான் நான் கொஞ்சம் கோபப்படுகிற இடத்துக்கு வர முடியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெற்கே ஒரு பகுதியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினார். "சொந்த வீடு எங்கே தம்பி?" "தண்டையார்பேட்டை சார்." "ஓ." அந்த "ஓ"வுக்கு அப்புறம் வீடு வேறு யாருக்கோ பேசிவிட்டதாக நினைவு வந்துவிட்டது அவருக்கு. வட சென்னைக்காரன் என்றால் அடிதடி, அது ரத்தத்திலேயே ஊறியது என்ற நினைப்பு. உயிரியல் மனிதனின் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் உடனே கைதட்டுகிறவர்களில் இவரும் இருப்பார்.

இந்த நினைப்புக்கு ஒரு காலத்தில் சட்டமே இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி, கைரேகை வை, ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து படு என்றது. சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்க 1947 ஆனது. பெயரில் பரம்பரை இருந்தது, அறிவியல் ஒரு துளியும் கிடையாது.

மரபணு நிஜமாக என்ன செய்கிறது? உருவத்திலும் சுபாவத்திலும் அதற்குப் பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள் தனித்தனி வீட்டில் வளர்ந்தாலும் பல விஷயங்களில் ஒத்துப்போகிறார்கள். ஆனால் அதே இரட்டையர்களில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வந்தால், இன்னொருவருக்கு வந்தே தீரும் என்றில்லை. பாதிப் பேரோ அதற்கு மேலோ தப்பிவிடுகிறார்கள். மரபணு அச்சு அசலாக ஒன்று, வாழ்க்கை வேறு.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. 1934-ல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளராத தன் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தார். குழந்தைகளின் சிறுநீரில் ஒரு விசித்திர நாற்றம் என்று சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபோலிங் என்ற டாக்டர் மட்டும் அதைச் சோதித்தார். உணவுப் புரதத்தில் இருக்கும் ஒரு பொருளை அந்தக் குழந்தைகளின் உடம்பால் உடைக்க முடியவில்லை, அது தேங்கி மூளையைக் கெடுத்திருந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த மரபணுக் கோளாறு, நூற்றுக்கு நூறு பரம்பரை. அப்படியானால் விதி என்று விட்டுவிடலாமா? பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, அந்தப் பொருள் குறைவான சாப்பாடு கொடுத்தால் இன்றைக்கு அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகள் மாதிரியே வளர்கிறது. அதே மரபணு, வேறு தட்டு.

ரத்தத்தில் ஊறுவது என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது, ஆனால் அது பரம்பரையாக வருவதில்லை. ஈயம். பழைய பெயின்ட், உடைத்து உருக்கும் பேட்டரி, ஒரு காலத்தில் பெட்ரோல். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல்தான் நின்றது. உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து உள்ளே விடுகிறது, அது வளரும் மூளைக்குள்ளும் போய்விடுகிறது. சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளைப் பார்த்து 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரத்தத்தில் ஈயம் அதிகமிருந்த குழந்தைகள் பதற்றத்திலும் கவனச் சிதறலிலும் கூடுதலாக இருந்ததை ஆசிரியர்களின் மதிப்பீடுகள் காட்டின. குழந்தைக்கு இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். லாரிப் புகையும் ஆலைச் சாம்பலும் படிந்த தெருவில் ஒரு பையன் வகுப்பில் ஓரிடத்தில் உட்காராமல் துள்ளினால், அவன் தாத்தா யார் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன.

ஆண்மை ஹார்மோன் என்று பேர் வாங்கிய டெஸ்டோஸ்டிரோனையும் இதோடு சொல்லிவிடுகிறேன். அது அதிகமானால் ஆள் முரடாவான் என்று எல்லோரும் நினைக்கிறோம். 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் மோதியபோது, டிவியில் பார்த்த ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். ஜெயித்த பிரேசில் ரசிகர்களுக்கு ஹார்மோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. பந்தைத் தொடவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியானால் ஹார்மோன் நடத்தையை ஆட்டுகிறதா, நடந்தது ஹார்மோனை ஆட்டுகிறதா? உலகக் கோப்பை வந்தால் வியாசர்பாடியில் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் எதிரெதிர் மாடியில் பறக்கும். மறுநாள் காலையில் எந்த வீட்டுப் பையன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான், எவன் தலையைத் தொங்கப்போட்டுப் பால் வாங்கப் போகிறான் என்று பார்த்தாலே போதும், எச்சில் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். அத்தை கதையைக் கேட்டுவிட்டு, மனச்சோர்வு என்றாலே தைராய்டு என்று கிளம்பிவிடாதீர்கள். சோர்வோடு வருகிறவருக்கு முதலில் அந்தச் சோதனையை எழுதுவது நல்ல டாக்டரின் பழக்கம். அது சரியாக இருந்தால் தேட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்: தூக்கமோ, கடனோ, துக்கமோ, குடும்பத்தில் வந்த நோயோ, இவற்றில் நாலைந்தும் சேர்ந்தோ. மூளையில் ஒரே ஒரு ரசாயனம் குறைந்ததால் வந்தது என்று யாராவது ஒரு வரியில் முடித்தால் நம்ப வேண்டாம்.

போன தடைக்காலத்தில் அத்தையை ஆறு மாதச் சோதனைக்குக் கூட்டிப்போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அத்தைக்கும் ஏலம் கிடையாது, ஆறு மணி வரைக்கும் தூங்கலாம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, எல்லாம் நார்மல் என்றார். நான் சும்மா இல்லாமல், "டாக்டர், வஞ்சிரத்துக்கு யாராவது பேரம் பேசினா இவங்களுக்கு வர்ற கோபத்துக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "டி.எஸ்.எச். ரெண்டு புள்ளி ஒண்ணு. அது தைராய்டு இல்ல."

"இன்னாத்துக்கு மாத்திரை?" என்றார் அத்தை. "ஐஸ் வைக்காத மீனு, கிலோ நானூறுக்குக் கேட்டா கோபம் வராதா?"